மூன்றாம் தடவை காதில் சொன்னது

என் தம்பி மகளுக்குப் பெயர் வைத்த அன்று வீட்டுக்குள் தூறல் விழுந்தது. அதற்கு ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை. பாயசத்தை மூடு, பூந்தித் தட்டை உள்ளே எடு, விளக்கை நகர்த்து என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டு ஓடினோம். இருபது எண்ணுவதற்குள் தூறல் நின்றது. சொந்தக்காரர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு மறுபடி இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நனைந்த தரையைத் துடைக்க வழக்கம்போல் நான்தான் பழந்துணியோடு குனிய வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது தூத்துக்குடியில், உப்பளத்துக்குப் போகும் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டின் கீழ்த்தளத்தில் தம்பி தவசுமுத்து, உப்பளத்தில் கங்காணி. அவன் மனைவி கோமதி. மாடியில் நானும், துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது பேச்சிலிருந்தும் சேர்த்து ஓய்வுபெற்றுவிட்ட என் வீட்டுக்காரரும். வானம் என்பது எங்கள் ஊரில் துணி காயப்போடுவதற்காக இருக்கும் ஒரு வசதி. அது அழுதால் உப்பு கரையும், உப்பு கரைந்தால் தெருவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊருக்கு இலஞ்சியிலிருந்து, ஆனி ஆடியில் சாரலில் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போன ஊரிலிருந்து, வாழ வந்தவள் கோமதி. பதினோரு வருஷம் கழித்து ஒரு பெண்பிள்ளை பெற்றாள். பெற்ற இருபதாம் நாள் என்னிடம் வந்து நின்றாள்.

"மதினி, பிள்ளைக்குத் தூவானம்னு வைக்கலாம்னு இருக்கேன்."

"என்னது?"

"தூவானம். மழை பெய்யும்போது காத்து கொஞ்சத்தக் கிள்ளி ஜன்னல் வழியா உள்ள எறியும்லா, அது."

"அது தெரியும் எனக்கு. அதுல பாய் நனையும், தலகாணி நனையும், பிறகு மூணு நாளைக்கு வீடு நாறும். வானத்துல இருந்து விழுததையெல்லாம் பொறுக்கிப் பிள்ளைக்கு வச்சிருவீங்களோ உங்க ஊர்ல? உங்க அக்கா பிள்ளைக்குச் சாரல்னு வச்சாச்சு."

"அதான் இவளுக்கு வேற, மதினி."

"ஏட்டி, மழை விட்டும் தூவானம் விடலைன்னு சொல்லுவாங்க, கேட்டதில்லியா? ஒரு எழவு முடிஞ்ச பிறகும் விடாம ஒட்டிக்கிட்டுக் கெடக்க தொல்லைக்குப் பேரு அது. பள்ளிக்கூடத்துல நாளைக்கு நாலு பேரு சொல்லிச் சிரிப்பான்."

கோமதி சிரித்தாள். களைத்த சிரிப்பு, பிள்ளை பெற்றவளுக்கு வேறு சிரிப்பு வராது. "சிரிக்கட்டும். ஆஸ்பத்திரியில போதும்னுட்டாங்க. கோயில்ல போதும்னுட்டாங்க. உங்க தம்பியே போதும் கோமதின்னுட்டாக. எல்லா மழையும் விட்டுப் போன பிறகும் விடாம வந்தவ இவ ஒருத்திதான, மதினி?"

அவள் 'போதும்' என்று சொல்லும்போதெல்லாம் என்னை யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. காரணம் உண்டு. என் பெயர் போதும்பொண்ணு.

எனக்கு முன்னால் மூன்று பெண்கள். நான்காவதாக நான் வந்து விழுந்தபோது அப்பா வானத்தைப் பார்த்து எழுதிய விண்ணப்பம் அந்தப் பெயர். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, இரண்டே வருஷத்தில் தவசுமுத்து பிறந்தான். ஆகவே பெயர் வேலை செய்யுமா செய்யாதா என்று எங்கள் வீட்டில் யாரும் விவாதம் செய்வதில்லை. கான்வென்ட்டில் மதர் கிளமென்சியா என்னைப் பத்தாம் வகுப்பில் கூப்பிட்டு, "சைல்ட், புத்தகத்தில் பொன்னி என்று மாற்றி எழுதிவிடட்டுமா?" என்று கேட்டார். நான் வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். அப்பா ஒரே பேச்சில் முடித்தார்: "பேர மாத்துனா பயலுக்கு ஆகாது." தம்பியின் ஆயுசுக்கு என் பெயர்தான் பூட்டு. பூட்டைக் கழற்றிவிட்டுப் பொன்னியாகத் திரிய எனக்கு மட்டும் மனசு வருமா? போதும்பொண்ணாகவே கல்யாணம் ஆகி, போதும்பொண்ணாகவே முப்பது வருஷம் சமைத்து, இன்றைக்கும் "போது, காபி", "போது, துண்டு", "போது, கேஸ் வந்திருக்கு" என்று கூப்பிடும் குரல்களுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறேன். வேலை இல்லாமல் என் பெயரை யாரும் வாயில் எடுத்ததில்லை.

எங்கள் வழக்கப்படி அத்தைதான் பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை சொன்னால்தான் அது பெயர். அதுவரை வெறும் பேச்சு. முப்பதாம் நாள், நான் விடியற்காலம் நான்கு மணியிலிருந்து அடுப்படியில் நின்று, நாற்பது பேருக்கு ஆக்கி இறக்கி, கால் வீங்கி, பாயசம் அடிபிடிக்கிற நேரத்தில், "எக்கா, நேரமாவுது" என்று தம்பி கூப்பிட, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குனிந்தேன். முதல் தடவை ஒழுங்காகச் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். மூன்றாம் தடவை இடுப்பில் ஒரு பிடிப்பு பிடித்தது. எரிச்சலில், யாருக்கும் கேட்காமல், அந்தப் பிஞ்சுக் காதில் சொன்னேன்: "மழை விட்டும் தூவானம் விடலைன்னுதான் சொல்லப்போறாங்க ஒன்ன. படு."

நான் நிமிர்வதற்குள் என் தலைமேல் ஒரு முழ உயரத்தில் தூற ஆரம்பித்துவிட்டது.

என்ன சொன்னேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாரல் சயின்ஸ் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவள் நான்.

பிறகு தெரிந்துகொண்டது இவ்வளவுதான். பிள்ளையின் காதில் விழும்படி யார் அந்தப் பெயரைச் சொன்னாலும், சொன்னவர் தலைமேல் சாய்வாக, காற்றோடு, இருபது எண்ணும் நேரத்துக்குத் தூவானம் அடிக்கும். கூரை இருந்தாலும் அடிக்கும், இல்லாவிட்டாலும் அடிக்கும். பிள்ளைமேல் ஒரு சொட்டு விழாது. பிறப்புப் பதிவு எழுதுகிறவர் பெயரைச் சத்தமாக வாசித்துப் பார்த்தார், நனைந்தார், பேனாவை மூடி வைத்துவிட்டு மேஜையைத் துடைத்தார், "இனிஷியல் சொல்லுங்க" என்றார். உப்பளத்தில் தம்பியைக் கேலி செய்தார்கள். "என்னடே தவசு, உப்பு வாருறவன் பிள்ளைக்கு மழைன்னா பேரு வைப்பான்?" "மழை இல்லடே, தூவானம்." "ஒரு பாத்தி உப்புக்கு அது போதும்டே!" பிள்ளையை அளத்துப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். 

தெருவுக்குத்தான் அது மெல்ல மெல்லப் பழகி, பிறகு தேவையாகி, பிறகு உரிமையாகிவிட்டது. முதலில் வந்தவள் பூக்காரி செல்வக்கனி. பிச்சிப்பூக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே எங்கள் வாசலில் நின்று, "தூவானம்!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள், பூ நனையும், உச்சந்தலை குளிரும், "மகராசியா இரு" என்று சொல்லிவிட்டு நடப்பாள். அடுத்து தேய்ப்பு வண்டி அந்தோணி அண்ணாச்சி. துணியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டால் கஞ்சிச் சேலை ஒரே சீராக நனைகிறது, கையால் தெளித்தால் இப்படி வராது என்று சொன்னார். எதிர்வீட்டுக்காரர் குரோட்டன்ஸ் தொட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். சித்திரையில் அனல் அடித்தபோது, சோறு தின்ற கையோடு தெருவே எங்கள் நடையில் வரிசையாக வந்து நின்று, ஆளுக்கு ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லி, ஆளுக்கு ஒரு முகம் நனைந்து, ஈரத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கியது. இன்னொரு பக்கம் வடகம் போட்டவள், கருவாடு காயவைத்தவள், மிளகாய் உலர்த்தியவள் எல்லாரும், சாய்வாக அடிக்கிற தூறல் தங்கள் பாயிலும் தெறிக்கிறதென்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் எங்கள் கேட்டில் சாக்பீஸால் எழுதிப்போட்டது நான்தான்: காலை ஏழுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின்; இடையில் பெயர் சொல்லக் கூடாது; கோடையில் மதியம் ஒரு மணி நேரம் சலுகை. ஐம்பது வயசில் நான் ஒரு தூறலுக்கு டைம்டேபிள் போட்டேன்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் மெத்தை நனையுமே, அடுப்பு அணையுமே, பால் தண்ணியாகுமே என்று நாங்கள் அந்தப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டோம். தம்பி "பாப்பா" என்றான், கோமதி "தங்கம்" என்றாள், நான் "ஏட்டி" என்றேன். பிள்ளை வேண்டும் என்றவர்கள் பெயர் சொல்லவில்லை. பெயர் சொன்னவர்களுக்குப் பிள்ளை வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைக்கு ஒன்றரை வயசானபோது கோமதிக்குத்தான் முதலில் உறைத்தது. ஒருநாள் துணிந்து, வெறும் தரையில் நின்றுகொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "தூவானம்" என்று கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி உத்தரம். நனைந்த தலையோடு மாடிக்கு ஓடி வந்தாள்.

"மதினி, பிள்ளைக்குக் காது கேக்கல."

"ஏன் கேக்காது? பிஸ்கட் பாக்கெட்ட மாடியில பிரிச்சா கீழ இருந்து ஓடி வருது."

காது டாக்டரிடம் போனோம். கை தட்டினார், திரும்பியது. மணி அடித்தார், திரும்பியது. பெயரைச் சொன்னார், அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காது ரொம்ப நல்லா இருக்கு. தூவானம்னா மேல இருந்து விழுற ஒண்ணுன்னு பிள்ளை சரியாத்தான் புரிஞ்சு வச்சிருக்கு. அது அவ பேருன்னுதான் அவளுக்கு யாரும் சொல்லல போல."

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது கோமதி பிள்ளையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். பழைய துறைமுகத்துப் பக்கம் வந்தபோது, "பதினோரு வருஷம் ஆசப்பட்டு ஒரு பேரு வச்சிருந்தேன் மதினி," என்றாள். "அது தெருவுக்குக் குழாயாப் போச்சு. அவளுக்குப் பேரே இல்ல."

இரண்டு வயசு வரை பார்த்தார்கள். மற்ற பிள்ளைகள் பெயரைச் சொன்னால் ஓடி வந்தன, இவள் அண்ணாந்தாள். "உம் பேரு என்ன?" என்று கேட்டால் வாயைத் திறந்து மேலே பார்த்து மழை குடிக்கிறவள் மாதிரி நின்றாள். தம்பி முடிவு செய்துவிட்டான்.

"எக்கா, ஹர்ஷிதான்னு மாத்திருவோம். நீதான் சொன்ன, நீதான் மாத்திச் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் செல்லாது."

"ஹர்ஷிதாவா? இந்தத் தெருவுல எத்தன இருக்கு தெரியுமாடே? கூப்பிட்டா ஆறு பேரு வரும்."

"வரட்டும். அதுல ஒண்ணு எம்பிள்ளையா இருக்கும்லா."



விஷயம் தெருவுக்குப் போனது. செல்வக்கனி ஒரு முழம் பூவோடு மாடிக்கு வந்தாள். "எக்கா, ஒங்களுக்கு இந்தப் பேரு மொதல்லயே பிடிக்காதாமே. அதுக்காக இப்பப் போயா மாத்தணும்? அடுத்த மாசம் அக்கினி நட்சத்திரம்." அந்தோணி அண்ணாச்சி எங்கள் திரைச்சீலையை எல்லாம் கேட்காமலே தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார். "யம்மா, பேருல என்ன இருக்கு? பேரு அப்படியே கெடக்கட்டும், வீட்டுல நீங்க வேற என்னத்தயும் கூப்பிட்டுக்கிடுங்க." வார்டு கவுன்சிலர் ஆள் அனுப்பினார்: தேர் வரும் நாளில் புழுதி அடங்க நாலு தடவை கூப்பிட வேண்டும், அதன் பிறகு மாற்றிக்கொள்ளலாமா என்று. பேருல என்ன இருக்கு! அப்பா கூட அதைத்தான் சொன்னார், வேறு வார்த்தையில். பேர் அப்படியே கிடக்கட்டும், மற்றவர்களுக்கு ஆகும்.

பெயர் மாற்ற நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் கோமதி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது நான் கீழே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோமதி, ஒண்ணு சொல்லணும். பேரு வச்ச அன்னைக்கு மூணாந்தடவை நான் பேரச் சொல்லல."

கை அப்படியே நின்றது. "பிறகு?"

"பழமொழியச் சொன்னேன். ஏசினேன். இடுப்பு வலி. பிள்ள காதுல பேரு விழல. மழைதான் விழுந்துது."

கோமதி என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்; பதிலுக்கு நானும் ஏசியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அவள் உருட்டிய சோற்றைப் பிள்ளை வாயில் வைத்துவிட்டு, அடுத்த உருண்டையைப் பிடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எம்பிள்ளைக்கு ரெண்டு தடவைதான் பேரு வச்சிருக்கு. மூணாந்தடவை இன்னும் பாக்கி. இல்லியா மதினி?"

மறுநாள் காலை பத்து மணி. சலுகை நேரம் இல்லை; இருந்தும் தெரு கேட்டுக்கு வெளியே நின்றது. தம்பி புதுப்பெயரை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி என் கையில் கொடுத்திருந்தான், நான் மறந்துவிடுவேனாம். பிள்ளையைக் கோமதி மடியில் வைத்திருந்தாள். நான் குனியவில்லை. இந்தத் தடவை தரையில் உட்கார்ந்தேன். பாயசம் எல்லாம் பிறகு. அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தேன்.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையின் காதில் சொன்னேன்: "தூவானம்."

என் தலைமேல் தூறியது. பிள்ளை அண்ணாந்தது. "எக்கா!" என்று தம்பி கத்தினான். கோமதி அவனைக் கையமர்த்தினாள்.

"மேல பாக்காத. மேல ஒண்ணுமில்ல. அது வெறும் தண்ணி," என்றேன், பிள்ளையின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி. "இங்க பாரு. தூவானம்னா நீ. ஒன்னத்தான் கூப்பிடுதேன். எனக்குப் பூ நனைய வேண்டாம், துணி நனைய வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஒன்ன நான் அன்னைக்கு ஏசிட்டேன். இது ஏச்சு இல்ல. இது பேரு. தூவானம்."

தூறல் மெலிந்து, கொசுவலை வழியாக விழுவதுபோல் விழுந்தது. பிள்ளை என் நெற்றியில் ஓடிய தண்ணீரைப் பார்த்தது. மூக்கைப் பார்த்தது.

"தூவானம்," என்றேன் மூன்றாம் தடவை.

ஒரு சொட்டு விழவில்லை. பிள்ளை என் கண்ணைப் பார்த்து, "ம்?" என்றது.

கோமதி சத்தம் போடாமல் அழுதாள். தம்பி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய், நிற்கிறவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், எல்லாருக்கும் காபி சொல்லிவிட்டான். போட்டது யார் என்று கேட்காதீர்கள்.

தெரு இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. அந்தோணி அண்ணாச்சி மறுபடி கையால் தெளித்தார். எங்கள் திரைச்சீலைக்கு மட்டும் தெளிக்கவே இல்லை, சுருக்கத்தோடு வந்தது. அக்கினி நட்சத்திரம் வந்து எல்லாரையும் ஒரே மாதிரி வாட்டியது. வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை. ஒருநாள் செல்வக்கனி உச்சி வெயிலில் வாசலில் நின்று, நினைவில்லாமல், "தூவானம்!" என்று சத்தம் கொடுத்துவிட்டாள். தலைமேல் ஒன்றும் விழவில்லை. உள்ளேயிருந்து ஜட்டியோடு ஒரு பிள்ளை தடதடவென்று ஓடி வந்து, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளை ஏறிட்டுப் பார்த்து, "என்னா?" என்றது.

செல்வக்கனி கூடையை இறக்கி வைத்தாள். இரண்டு வருஷமாகக் கூப்பிட்ட பெயர். அதற்கு ஒரு முகம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறாள். கூடையில் கையை விட்டுத் துழாவி, ஒரு சாண் பிச்சி கிள்ளிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அப்படியே ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு, பிள்ளை வந்து நிற்கவும், தடுமாறி, குரோட்டன்ஸ் இலை ஒன்றைப் பறித்துக் கொடுத்தார். கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்றானதும் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். கூப்பிட்டவர்கள் யோசித்துக் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு மூன்று வயசு ஆகப்போகிற ஒரு பங்குனி மத்தியானம், மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கொடியில் துண்டு எல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. அந்தக் குளிர்ச்சி இருபது எண்ணும் நேரமாவது கிடைக்காதா என்று உடம்பு கெஞ்சியது, அதற்கு என்ன தெரியும், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "தூவானம்."

மாடிப்படியில் சின்னக் காலடி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "என்னாத்தே?"

இவளையும் எதற்கோதான் கூப்பிட்டிருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. நான் வெட்கப்பட்டு வெகுகாலம் ஆகிறது.

"ஒண்ணுமில்லட்டி," என்றேன். "சும்மா கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

"சும்மா."

அவள் அதை யோசித்தாள். யாரும் அவளை அதுவரை சும்மா கூப்பிட்டதில்லை போல. தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினாள். இரண்டு படி, மூன்று படி. நான் துணியை மடிக்க ஆரம்பித்தேன். திடீரென்று படியிலிருந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, ஐம்பது வருஷத்தில் யாரும் சுருக்காமல் கூப்பிடாத என் பெயர் முழுசாக வந்தது.

"போதும்பொண்ணு அத்தே!"

பால் பொங்குகிறதா, கேஸ் வந்திருக்கிறதா, யார் விழுந்தார்கள் என்று துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். "என்னட்டி? என்ன?"

படியில் உட்கார்ந்து மேலே பார்த்துச் சிரித்தாள். "சும்மா கூப்பிட்டேன்."

"வேற வேல இல்ல ஒனக்கு," என்று ஏசிவிட்டு வந்து துணியை எடுத்தேன். உடனே இன்னொரு தடவை கூப்பிட்டாள். என்ன என்றேன். சும்மா என்றாள். நான்காம் படியிலிருந்து ஒரு தடவை. வாசலிலிருந்து ஒரு தடவை. ராத்திரிச் சோற்றுக்கு நடுவில் கீழேயிருந்து ஒரு தடவை. என் வீட்டுக்காரர் கூட இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் தெருவில் மழை விட்டு வருஷம் ஒன்றாகப் போகிறது. தூவானம் இன்னும் விடவில்லை.